எனக்குப் பிறகு என் மகனை யார் பார்ப்பார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 69 வயது. மகனுக்கு 41. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தானே சாப்பிடுவான், உடுத்திக்கொள்வான். குளிப்பாட்டவும் சவரம் செய்யவும் ஆள் வேண்டும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில்தான் நாங்கள் இருவரும் வாழ்கிறோம். கோவையில் இருக்கும் மகள், “உன்னால் முடிகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள் அம்மா, அதற்குப் பிறகு நல்ல இல்லமாகப் பார்த்து நான் சேர்க்கிறேன்” என்கிறாள். பெற்ற பிள்ளையை இல்லத்தில் விடுவது கைவிடுவது ஆகாதா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: கைவிடுவது ஆகாது அம்மா. ஆனால் மகள் சொல்லும் ‘அதற்குப் பிறகு’ என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அன்பினால்தான் சொல்கிறாள். எங்கள் வீட்டிலும் அதே அன்பினால்தான் அந்தத் தவற்றைச் செய்தோம்.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அம்மா தன் 74 வயதுவரை அவனை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. 2009 மார்கழியில் ஒரு விடியற்காலை பக்கவாதம் வந்து, மூன்றாம் நாள் போய்விட்டார். என் மாமியார் அப்போது படுத்த படுக்கை. காரியங்கள் முடிந்த மறுநாளே தம்பியைத் தாம்பரத்துக்கு அப்பால் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். அவனுக்கு வயது 36. ஒரே மாதத்தில் அம்மா, வீடு, தெரு, தினமும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பால்காரர் எல்லாம் இல்லாமல் போயிற்று.

அவன் போய்வந்த பயிற்சி மையத்திலிருந்து அம்மா தினமும் மாலை நாலரைக்கு அவனை அழைத்து வருவார். இல்லத்திலும் நாலரை ஆனால் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே போய் நிற்பான். இல்லத்தார் நல்லவர்கள். யாரும் அவனை உள்ளே இழுத்து வரவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். அவன் உட்காரவில்லை. எட்டு மாதம் நின்றான். அம்மா உயிரோடு இருந்தபோதே அந்த இல்லத்தில் அவனைப் பழக்கியிருந்தால், அந்த கேட்டுக்கு அம்மா வந்து வந்து போயிருந்தால், அவன் அப்படி நின்றிருக்க மாட்டான். இதை நினைத்து நான் அழாத வருடம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் ஒரு பகல் இருவருமாகப் போய் அங்கேயே சாப்பிட்டு வாருங்கள். சில வாரம் கழித்து ஓர் இரவு தங்கட்டும், பிறகு சனி, ஞாயிறு. ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. போனால் அம்மா திரும்ப வருவாள் என்பதை அவன் தன் கண்ணால் பல தடவை பார்த்திருக்க வேண்டும்.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவனைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். நானும் எழுதிக் கொடுத்தேன்: வலிப்பு மாத்திரை, ஒவ்வாத உணவு, மின்விசிறி இல்லாமல் தூங்க மாட்டான் என்பதுவரை. ஒன்றை மறந்துவிட்டேன். பல் வலித்தால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தலை வார விடமாட்டான். சீப்பைக் கண்டு அவன் விலகினாலே அம்மா அவன் வாயைத் திறந்து பார்ப்பார். இல்லத்தில் அதை அடம் என்று நினைத்தார்கள். பதினாறு நாள் கழித்துக் கன்னம் வீங்கியபோதுதான் தெரிந்தது. உங்கள் மகன் வலியை எப்படிக் காட்டுவான்? நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

இல்லம் பார்க்கப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். பிறந்தநாளுக்கு அன்னதானம் கொடுக்க வருபவர்களுக்காகத் தரை அப்போதுதான் கழுவியிருக்கும், எல்லோரும் புதுச் சட்டையில் இருப்பார்கள். வார நாளில் இரவு ஏழு மணிக்குப் போங்கள். கால் நகங்களைப் பாருங்கள்; கை நகத்தை வெட்டுகிறவர்கள் பலர், குனிந்து கால் நகத்தை வெட்டுகிறவர்கள்தான் உண்மையாகக் கவனிக்கிறவர்கள். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி இருக்கிறதா? இரவில் எத்தனை பணியாளர்கள் விழித்திருப்பார்கள், மாத்திரை கொடுத்ததை யார் எழுதி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் போன ஓர் இடத்தில் குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார வைத்து வீடியோ காட்டினார்கள். உள்ளே போகலாமா என்று கேட்டேன், தயங்கினார்கள். வற்புறுத்திப் போய்ப் பார்த்தால் அறைகளுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இத்தகைய இல்லம் நடத்தக்கூடாது. சான்றிதழைக் கையில் வாங்கி, எந்தத் தேதிவரை செல்லும் என்று படியுங்கள். முன்பணம் கேட்டால், வெளியேறும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படுக்கையில் விழுந்தாலும் வைத்துக்கொள்வீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட மிக முன்பே வரக்கூடும். என் தம்பிக்கு இப்போது 52. செருப்பை எந்தக் காலில் போடுவது என்று சில நாள் நின்று யோசிக்கிறான். அந்தக் கேள்வியை 2009இல் கேட்காதது தவறு என்று இப்போது தெரிகிறது.

இனி காகித வேலை. 18 வயது முடிந்த மகனுக்குத் தாய் என்ற காரணத்தால் மட்டும் நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் இருப்பார்கள். உங்களுக்கு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகம். மகளையும் கூட அழைத்துப்போய், உங்களுக்குப் பிறகு அவள் அந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வருடாவருடம் கணக்கும் காட்ட வேண்டும். தன்னைச் சந்தேகப்படுவதாக மகள் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுக்கு அது காவல்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தானாகச் சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழோடு அவன் பெயரை ஓய்வூதிய ஆணையில் (பி.பி.ஓ.) சேர்க்க இந்த மாதமே எழுதிக் கொடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட இருக்கும்போது இது ஒரு மனுவோடு முடியும். இல்லாதபோது உங்கள் மகள் எத்தனை முறை கோவையிலிருந்து ரயில் ஏற வேண்டியிருக்குமோ! தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் விடாதீர்கள். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது.

கேள்வி: 27 வயது மகளை மூன்று வாரம் முன்பு ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அவளுக்குப் பேச்சு வராது. பழகும்வரை மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்கிறார்கள். மனைவி சாப்பிடுவதே இல்லை. இது சரிதானா?
– ஒரு தந்தை, பூந்தமல்லி

பதில்: சரியில்லை ஐயா. நடந்ததை வாயால் சொல்ல முடியாத பெண்ணை மூன்று மாதம் பெற்றவர் கண்ணில் காட்டாமல் வைக்க எந்தக் காரணமும் போதாது. பெற்றோரைப் பார்த்தால் அழுவாள் என்பார்கள். அழட்டும், அழுது முடித்த பிறகு அம்மா மடியில் அரைமணி நேரம் படுத்திருப்பாள். இந்த வாரமே இருவரும் நேரில் போங்கள். அவள் உடம்பை அம்மா ஒருமுறை குளிப்பாட்டிப் பார்க்கட்டும். மறுத்தால் அன்றே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

சம்மதித்தால், வாரத்தில் ஒரு நாளை நிலையாக வையுங்கள். என் தம்பியின் கட்டிலுக்கு மேலே ஒரு தினசரி நாட்காட்டி மாட்டி, நான் வரும் தேதிகளில் சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்தேன். தினமும் தாளை அவனே கிழிப்பான். உங்கள் மகளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.