தகுதிச் சுற்றில் எங்கள் டிராக் (drag) ரேஸ் கார், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் முழு வேகத்தில் ஓடும் கார், சுவரில் லேசாக உரசிவிட்டது. இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி. ஓடலாமா?

பிட்டில், அதாவது கார்களைப் பழுது பார்க்கும் இடத்தில், காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் முதலில் அந்த ஃபைபர் பாடியை ஒட்டுவதை நிறுத்துங்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது தகுதி ஓட்டத்தில். கிளம்பின கொஞ்ச தூரத்திலேயே பின்டயர் உதற ஆரம்பித்தது. அங்கே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், எங்கள் டிரைவர் எடுக்கவில்லை, வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் சுவரை உரசியது. பாடியில் கிழிசல், ஒரு ரிம்மில் பள்ளம், முன்பக்கம் ரொம்பத் தூக்கிவிடாமல் இருக்கப் பின்னால் மாட்டும் வீலி பார் கோணல், அவ்வளவுதான் என்று நினைத்தோம். கடைசி ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. ஐந்து பேரும் டேப்பும் ரிவெட்டுமாகப் பாடியில் பாய்ந்ததில் நாற்பது நிமிடம் போனது.

அப்புறம்தான் எங்களில் மூத்தவர், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், அளவு நாடாவை எடுத்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இரு பக்கமும் அளந்தார். நோட்டில் எழுதி வைத்திருந்ததைவிட வலப்பக்கம் 6 மில்லிமீட்டர் குறைவு. தேடினால் பின் அச்சின் பிராக்கெட்டில், வெல்டிங் ஓரமாக, மயிரிழை மாதிரி ஒரு விரிசல்! அதோடு முழுத் தூரமான 402 மீட்டரும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. அதனால் முதலில் அளந்து பாருங்கள், முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைப் பாருங்கள், வெல்டிங் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழுது முடிந்ததும் போட்டி அதிகாரிகளிடம் காட்டி அவர்கள் சரி என்ற பிறகு வரிசைக்குப் போங்கள். டிரைவரைத் திட்டுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயந்துவிட்டால் எந்த இடத்தில் வண்டி இழுத்தது என்று உண்மையைச் சொல்ல மாட்டான்.

"தகுதி ஓட்டங்களில் சிறந்த நேரம்தானே கணக்கு, முதல் ஓட்ட நேரம் கையில் இருக்கும்போது எதற்கு ரிஸ்க்?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். பழுது பார்த்த வண்டியை முதன்முதலாக நாக் அவுட்டிலா சோதிப்பது? நாங்கள் பாதித் தூரம் மட்டும் ஓட்டினோம். நேராகப் போனது, போதும் என்று காலை எடுக்கச் சொல்லியிருந்தோம், இந்த முறை எடுத்தான். மறுநாள் நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே பச்சை விளக்குக்கு முன்னால் கிளம்பித் தோற்றோம், அதற்கும் விரிசலுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. அந்த அவசரத்தில், போல்ட்டைச் சரியான அளவு இறுக்கத்தில் முடுக்கும் டார்க் ரெஞ்சைத் தேடினால் பெட்டியில் இல்லை. முந்தின நாள் "அஞ்சே நிமிஷம்" என்று ஓர் அணிக்காரர் வாங்கிப் போயிருந்தார். போய்க் கேட்டால், தான் வாங்கவே இல்லை என்கிறார். வேறொரு அணியிடம் கெஞ்சி வாங்கித்தான் சக்கரத்தை முடுக்கினோம். எங்களுடையது இன்னும் திரும்பி வரவில்லை.