பாத்திர ஓசையும் கடன் கோப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ்லாந்தில் 2008 நெருக்கடிக்குப் பிறகு மக்கள் தெருவில் நின்று பாத்திரங்களைத் தட்டினார்கள், அரசு விழுந்தது, வங்கியாளர்கள் சிறைக்குப் போனார்கள் என்று படித்தேன். அமெரிக்காவில் ஏன் அப்படி நடக்கவில்லை? மக்களுக்குக் கோபம் போதவில்லையா? சிறைக்குப் போனவர்களும் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்களாமே? இதைப் பற்றிக் கட்டுரை எழுத இருக்கிறேன்.

செ.

அன்புள்ள செ.,

முகம் தெரியாதவர்களின் சேமிப்புக்காகப் பதறும் மனம் உங்களுக்கு இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘கோபம் போதவில்லையா’ என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள். கோபம் எல்லா நாட்டிலும்தான் இருந்தது. கோபத்தை வைத்து யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. என்ன குற்றம், எந்தச் சட்டம், யார் கையெழுத்து என்று காட்ட வேண்டும். சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவைப் பற்றி நீட்டப் போவதில்லை. அங்கே வங்கிகள் பெரும் அபராதம் கட்டின. போனது பங்குதாரர்களின் பணம்.

ஐஸ்லாந்துக்கு வருவோம். 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தன. நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு சொத்துக் கணக்கு அவற்றிடம் இருந்தது. இந்த வீழ்ச்சியின் பின்னால் இருந்த குற்றங்களை விசாரிக்கச் சிறப்பு வழக்குத்தொடுநர் பதவியை உருவாக்கிச் சட்டம் போட்டார்கள். அந்தப் பதவிக்கான முதல் அழைப்புக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பிறகு அக்ரனெஸ் என்ற சிற்றூரின் காவல்துறைத் தலைவராக இருந்த ஒலாஃபுர் ஹௌக்சன் பொறுப்பேற்றார். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய அலுவலகம் பின்னாளில் நூறு பேரைத் தாண்டியது.

அவர்கள் ‘பேராசை’யைத் தேடவில்லை. முட்டாள்தனமாகக் கடன் கொடுப்பது குற்றமல்ல. வங்கி தன் பங்கைத் தானே வாங்கிவிட்டு, வேறொருவர் வாங்கியதாகச் சந்தையை நம்பவைப்பது குற்றம். இதை நிதானமாகப் படியுங்கள். வங்கி ஒரு காகித நிறுவனத்துக்கு, அதாவது பெயரளவில் மட்டும் இருக்கும் நிறுவனத்துக்கு, கடன் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் நிறுவனம் அதே வங்கியின் பங்கை வாங்குகிறது. கடனுக்குப் பெரும்பாலும் அந்தப் பங்குதான் அடமானம். பங்கு விலை சரிந்தால் கடன் வராது. கடன் வராவிட்டால் வங்கியின் மூலதனம் கரையும். மூலதனம் கரைந்தால் விலை இன்னும் சரியும். ஆபத்து முழுவதும் வங்கியின் தலையில்தான். ஆனால் வெளியே இருப்பவர் கண்ணுக்குப் புது முதலீட்டாளர் ஒருவர் தெரிவார்.

2008 செப்டம்பரில் கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கௌப்திங்கில் 5.01 சதவீதப் பங்கு வாங்கியதாக அறிவிப்பு வந்தது. பணம் கௌப்திங்கே கொடுத்த கடன். மூன்று வாரத்துக்குள் வங்கி விழுந்தது. வழக்கின் உயிர் தேதிகளிலும் ஒப்புதல்களிலும் இருந்தது: கடன் குழு எப்போது கூடியது, பணம் எப்போது போனது, ஒப்புதல் இல்லாமல் அனுப்பச் சொன்னது யார். சந்தை முறைகேடு, நம்பிக்கை மோசடி என்ற குற்றங்களுக்காக 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு 4 முதல் ஐந்தரை ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது.

சீக்கிரம் வெளியே வந்தார்கள் என்பது உண்மைதான். அதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் கட்டுரையைப் பாத்திர ஓசையில் தொடங்காதீர்கள். அந்த 5.01-இல் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.