குடிசைப் பகுதிகளைப் படமெடுக்கப் போகும் மகள்: ஒரு பெற்றோருக்குப் பதில்

ஆவணப் புகைப்படக்காரராகி நகரத்துக் குடிசைப் பகுதிகளில்தான் வேலை செய்வேன் என்கிறாள் மகள். இது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். கேமராவை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். முன்னோடிகளும் அப்படி நம்பியவர்கள் இல்லை. 1880களின் கடைசியில் நியூயார்க்கின் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளைப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், போலீஸ் செய்தி எழுதிய நிருபர். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், சமூகவியல் படித்த பள்ளி ஆசிரியர்.

அதனால் பட்டப்படிப்பு சமூகவியல், இதழியல், நகரத் திட்டமிடல் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். வாடகை, பட்டா, வெளியேற்றம், வடிகால் எல்லாம் புரிந்த புகைப்படக்காரருக்குத் தொண்டு நிறுவன அறிக்கை, கள ஆய்வு என்று வேலை வர வழியுண்டு. அப்படியும் முதல் சில வருடங்களுக்கு வேறொரு வருமானம் வேண்டும்.

கருவிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். முழுச்சட்டக் கேமரா (பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ளது) என்றால் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். அறை சின்னது என்று, இன்னும் அகலமாகக் காட்டும் 20 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். அதைவிட மோசம், ஆறு பேர் படுக்கும் அறை விசாலமாகத் தெரியும். ஃபிளாஷ் இல்லாமல், வாசல் வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கலாம். பகலில் குண்டு பல்பை அணைக்கச் சொல்லத் தோன்றும், சொல்லக் கூடாது. பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்து நிறம் குழம்பினாலும் அந்த வீடு இருப்பதே அப்படித்தான்.

பலர் சறுக்குவது சம்மதத்தில். ரீஸ் நள்ளிரவில் நுழைந்து, தூங்கியவர்களை மெக்னீசிய வெடிப்பொளியில் எழுப்பினார். இன்று அதை யாரும் ஏற்கமாட்டார்கள். படம் எங்கே வெளியாகும் என்பதை அவர்கள் மொழியில் சொல்லி, எழுத்திலோ குரல்பதிவிலோ சம்மதம் வாங்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். கதவு எண்ணும் கோப்பிலுள்ள ஜிபிஎஸ் விவரமும் வெளியே போனால், உள்வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் காலிசெய்ய வைக்கலாம்.

வேலை கேட்கும்போது காட்ட ஒரே சந்தில் ஆறு மாதம் எடுத்த 15 படங்கள் போதும். சோகமான குழந்தை முகங்களாகவே இருந்தால் எடிட்டர் மூன்றாவது படத்தில் மூடிவிடுவார். சமையல், தண்ணீர்க் குடம், வீட்டுப்பாடம், கூரை ஒட்டுவேலை எல்லாம் வேண்டும். கேமரா பதியும் மூலக் கோப்பை (RAW) அழிக்கக் கூடாது. பெரிய பத்திரிகைப் புகைப்படப் போட்டிகளில் அதைக் கேட்பார்கள்.

கேமரா வாங்கும் முன் ஃபோனிலேயே பத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் வசிக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளை எழுத அவளுக்கு அலுத்தால், வேறு துறை பார்ப்பது நல்லது.