போர்க்கால ஃபிளைட் ஜாக்கெட்: இந்த வாட்டி வந்த கேள்விகள்

ரெண்டாம் உலகப்போர்ல விமானப்படைக்காரங்க போட்ட, உள்பக்கம் ரோமம் வச்ச ஆட்டுத்தோல் ஜாக்கெட் பத்தி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எண்ணெய் தடவறது பத்தித்தான். அதுக்கு மட்டும் நீளமா பதில் சொல்றேன், மத்தது சுருக்கமா.

லண்டன்ல பழைய சாமான் சந்தையில ஒரு இர்வின் ஜாக்கெட் கிடைச்சுது. ரெண்டு பக்கமும் பாக்கெட், உள்ள லேபிள் எல்லாம் இருக்கு. ஒரிஜினல்தானே?

பாக்கெட் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. இர்வின்ங்கிறது ராயல் ஏர் ஃபோர்ஸ், அதாவது பிரிட்டிஷ் விமானப்படை ஜாக்கெட், அவங்களுக்குக் குடுத்ததுல வெளிப் பாக்கெட்டே கிடையாது. பின்னாடி யாராவது வச்சுத் தைச்சிருக்கலாம், அப்படின்னா அந்த நூலும் தோலும் மத்த இடத்தோட ஒத்துப் போகாது, டார்ச் அடிச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும். இல்லேன்னா அது போருக்கு அப்புறம் தைச்ச காப்பி. அடுத்து எத்தனை துண்டு சேத்து தைச்சிருக்குன்னு எண்ணுங்க, ஆரம்ப காலத்து ஜாக்கெட்டெல்லாம் பெரிய பெரிய தோலா வெட்டினது, போர் போகப் போக தோலை மிச்சம் பிடிக்க சின்னத் துண்டுகளா சேத்தாங்க, அதனால பின்னாடி வந்ததுல தையல் ஜாஸ்தி. லேபிளைப் பாத்து மட்டும் காசு குடுக்காதீங்க, புது லேபிளே தனியா விக்கிறாங்க. ஜிப், நூல், தோல் மூணும் ஒரே வயசா தெரியணும்.

போட்டோ அனுப்பிருக்கேன், இது பி-3யா டி-1ஆ?

நீங்க அனுப்பின போட்டோல சோபாதான் நல்லா விழுந்திருக்கு தம்பி. முன்பக்கம், பின்பக்கம், காலர், ஜிப், லேபிள்னு அஞ்சு போட்டோ பகல் வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க, இதை எத்தனை தடவைதான் சொல்றது. அதுவரைக்கும் நீங்களே பாருங்க, ரெண்டுமே அமெரிக்க ஜாக்கெட்: பி-3 குண்டுவீச்சு விமானத்துல போறவங்களுக்கு 1934ல வந்தது, ரோமம் நல்லா தடிமனா இருக்கும், கழுத்துக்கிட்ட ரெண்டு தோல் ஸ்ட்ராப் இருக்கும். டி-1 தரையில வேலை பாக்கற மெக்கானிக்குகளுக்கு, ரோமம் குட்டை, கையில எடுத்தாலே லேசா இருக்கும்.

தோல் காஞ்சு வெடிச்சுப் போச்சு. என்ன எண்ணெய் போடலாம்? வீடியோல நீட்ஸ்ஃபுட் ஆயில் நல்லதுன்னு சொன்னாங்க.

எதையும் தடவாதீங்க. மாட்டுக் கால் எலும்புலேருந்து எடுக்கற அந்த நீட்ஸ்ஃபுட் வேணாம், தேங்கா எண்ணெய் வேணாம், ஷூ பாலிஷ் வேணாம், கடையில டப்பால விக்கிற கண்டிஷனரும் வேணாம். நான் வாங்கின முதல் பி-3க்கு ஒருத்தர் பேச்சைக் கேட்டு நானே எண்ணெய் போட்டேன். ஒரு வாரம் புதுசு மாதிரி மினுமினுன்னு இருந்துது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆறு மாசம் கழிச்சு எடுத்தா மேல்பக்கம் பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுது, உள்பக்க ரோமம் சிக்குப் பிடிச்ச தலைமுடி மாதிரி கட்டி கட்டியா திரண்டு போச்சு, கை மடிப்புல வெள்ளையா மெழுகு மாதிரி பூத்திருக்கு, தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கினேன், அக்குள் தையல் நூல் பொடிப்பொடியா உதிர்ந்து கை தனியா தொங்குது. 70 வருஷம் தாங்கின ஜாக்கெட், என் கையில ஆறு மாசம் தாங்கல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பழைய தோல் வெடிக்கிறது வெறும் எண்ணெய்ப் பசை குறைஞ்சதால மட்டும் இல்ல, உள்ள இருக்கற நாரே இத்துப் போயிருக்கு. அறுந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்ட வைக்காது. அதுலயும் பி-3க்கு மேல ஒரு பழுப்பு கோட்டிங் அடிச்சிருக்காங்க, பாதி நேரம் நீங்க பாக்கற வெடிப்பு அந்தக் கோட்டிங்லதான். எண்ணெய் அந்த வெடிப்பு வழியா இறங்கி ரோமத்துக்கும் நூலுக்கும்தான் போய்ச் சேரும், அப்புறம் காத்து பட்டு கெட்டு, தூசி எல்லாத்தையும் இழுத்து வச்சுக்கும். ஒரு காலத்துல பிரிட்டிஷ் மியூசியம் பேர்லயே லானோலின்ங்கிற ஆட்டு ரோமக் கொழுப்பு, தேன்மெழுகு எல்லாம் கலந்த ஒரு தோல் பூச்சு ரொம்ப பிரபலம், இன்னிக்கு மியூசியத்துல பழம்பொருளைப் பாதுகாக்கற கன்சர்வேட்டர்கள் அதைக் கூட கையில எடுக்க யோசிக்கிறாங்க. அவங்களே நிறுத்திட்டாங்க, நாம ஏங்க தடவிட்டு இருக்கோம்? மெத்துனு ஒரு பிரஷ்ஷால தூசி தட்டுங்க, போதும். கிழிஞ்ச இடம் இருந்தா பசை போடாதீங்க, தோல் கன்சர்வேஷன் தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க, உள்பக்கமா மெல்லிசா துணி வச்சுத் தாங்கிக் குடுப்பாங்க.

சென்னையில இருக்கேன். மாமா இங்கிலாந்துலேருந்து கொண்டு வந்த இர்வின். பாச்சா உருண்டை போட்டு, பிளாஸ்டிக் கவர்ல கட்டி பீரோல வச்சிருக்கேன், சரிதானே?

ரெண்டுமே தப்பு, இன்னிக்கே வெளிய எடுங்க. பிளாஸ்டிக் உள்ள ஈரம் அடைஞ்சா பூஞ்சை வரும், உங்க ஊர்ல சர்வசாதாரணமா 70, 75 சதவீதம் ஈரப்பதம் இருக்கு, தோலுக்கு 50 பக்கம் இருந்தா நல்லது, 65 தாண்டினா ஆபத்து. துவைச்ச பழைய காட்டன் வேட்டில மூடி, பஞ்சு வச்சுத் தைச்ச அகல ஹாங்கர்ல தொங்க விடுங்க, தோள்பட்டை இத்துப் போயிருந்தா தொங்க விடாம படுக்க வைங்க. வெளிச்சுவர் பக்கம் இருக்கற பீரோ வேணாம், ஈரப்பதம் காட்டற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி உள்ள வைங்க. அந்துப்பூச்சி அரிச்ச தடம் இருந்தா டிஷ்யூ சுத்தி, பாலிதீன் பையில காத்தை அழுத்தி எடுத்துக் கட்டி, வீட்டு டீப் ஃப்ரீஸர்ல மைனஸ் 18ல ரெண்டு வாரம் வைங்க. எடுத்தவுடனே பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லேன்னா தண்ணி கோத்துக்கும். உறைஞ்சு இருக்கும்போது மடக்கவும் கூடாது. பிளாஸ்டிக் இந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும்தான். பூஞ்சை வாசனைக்குன்னு எண்ணெய் எதையும் தடவாதீங்க.

ஜிப் மாட்டிக்குது, புதுசு போட்டுடவா?

வேணவே வேணாம், ஒரிஜினல் ஜிப் போனா பாதி மதிப்பு போச்சு. பென்சில் முனையை ரெண்டு பக்கப் பல்லுலயும் தேச்சு மெதுவா நகத்திப் பாருங்க.

குளிர்காலத்துல டொரண்டோல போட்டுக்கலாமா?

கூடாது. போட ஆசைன்னா புதுசா தைக்கிறாங்களே, அதுல ஒண்ணு வாங்கிக்குங்க.

உள்பக்கம் இங்க்ல ஒரு பேரும் நம்பரும் எழுதியிருக்கு, அழிக்கறது எப்படி?

தயவுசெஞ்சு அழிக்காதீங்க! 20 ஆயிரம் அடிக்கு மேல மைனஸ் 40 குளிர்ல இதைப் போட்டுட்டு உக்காந்திருந்த ஆளு அவரு. பிரிட்டிஷ் ஜாக்கெட்டுன்னா லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ் ஆவணக் காப்பகத்துல ஏஐஆர் 27 (AIR 27) வரிசையில ஒவ்வொரு ஸ்குவாட்ரனோட, அதாவது விமானப் பிரிவோட, டைரி எல்லாம் இருக்கு, யாரு எந்த நாள்ல எந்த விமானத்துல போனாங்கன்னு பாக்கலாம். அமெரிக்க ஜாக்கெட்டுன்னா கொஞ்சம் கஷ்டம், செயின்ட் லூயிஸ்ல இருக்கற அவங்க ஆவணக் காப்பகத்துல 1973ல நடந்த தீ விபத்துல அந்தக் கால ராணுவ ஃபைல் 80 சதவீதம் கிட்ட போயிடுச்சு, ஆனா காணாமப் போன விமானக் குழு ரிப்போர்ட்டெல்லாம் தனியா இருக்கு, அதுல பேரு இருக்கான்னு தேடலாம். அந்த எழுத்தை ஈரத்துணியால கூட தொடைக்காம, பக்கவாட்டுல லைட் வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, படிக்க முடிஞ்சா நானும் உங்க கூட தேடறேன்.