2 கோடிக்கு 20 சதவீதம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நானும் கல்லூரி நண்பரும் கோவையில் கம்பெனி நடத்துகிறோம். ஸ்பின்னிங் மில்களில் மெஷின் பழுதாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் சாஃப்ட்வேர் எங்களுடையது. 11 மில்கள் வாங்கியிருக்கின்றன, மாதம் மூன்றரை லட்சம் வருகிறது. ஒரு வென்ச்சர் கேப்பிடல் நிறுவனம் 2 கோடி தருவதாகவும், பதிலுக்கு 20 சதவீதப் பங்கு வேண்டும் என்றும் டேர்ம் ஷீட் (முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சொல்லும் ஆவணம்) அனுப்பியிருக்கிறது. ஒரு வாரம் கெடு. கையெழுத்துப் போடலாமா?

பதில்: முதலில் அவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்கள் கணக்கு அப்புறம்.

அவர்கள் தருவது சொந்தப் பணம் இல்லை. பெரிய முதலீட்டாளர்களிடம் திரட்டிய ஃபண்ட், பெரும்பாலும் 10 ஆண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. 100 கோடி ஃபண்ட் என்று வையுங்கள். ஆரம்பநிலைக் கம்பெனிகளில் போடும் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்று எண்ணித்தான் போடுகிறார்கள். அதனால் ஜெயிக்கும் ஒன்றிரண்டு கம்பெனிகள் மொத்த ஃபண்டையும் மீட்டுத் தர வேண்டும். அடுத்தடுத்த முதலீட்டு ரவுண்டுகளில் புதியவர்களுக்குப் பங்கு கொடுக்கக் கொடுக்க அவர்களுடைய 20 சதவீதம் கரைந்து 12 ஆகிவிடும் என்று கொள்வோம். அந்த 12 சதவீதம் 100 கோடி பெற வேண்டுமானால், உங்கள் கம்பெனி 800 கோடிக்கு மேல் விலைபோக வேண்டும்.

மில்களுக்கு விற்று அந்த உயரத்துக்குப் போக முடியுமா? உங்கள் தொழில் வருடம் 5 கோடி லாபம் தரும் நல்ல கம்பெனியாக வளரலாம். உங்கள் இருவருக்கும் அது அருமையான வாழ்க்கை, அந்த ஃபண்டுக்கு அது தோல்வி. இந்த இடத்தில்தான் நாலாவது வருடம் போர்டு மீட்டிங்கில் சத்தம் ஆரம்பிக்கும்.

இரண்டு வழிக்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1996-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஸோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கி, ஆக்ஸல் போன்ற வென்ச்சர் கேப்பிடல் நிறுவனங்களிடம் முதலீடு வாங்கி, ஃப்ரெஷ்வொர்க்ஸாக 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை கொண்டுபோனார்.

வாங்குவது என்று முடிவெடுத்தால் டேர்ம் ஷீட்டில் இரண்டு இடங்களை அழுத்திப் படியுங்கள். ஒன்று ஈசாப், அதாவது ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கு. 2 கோடிக்கு 20 சதவீதம் என்றால் பணம் வந்தபின் மதிப்பு 10 கோடி, வருமுன் 8 கோடி. ஆனால் "முதலீட்டுக்கு முன்பே 10 சதவீத ஈசாப் உருவாக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பங்கு முழுக்க உங்கள் பையிலிருந்து போகிறது. உங்கள் இருவருக்கும் சேர்த்து 70 மிஞ்சும், கைக்கு வரும் மதிப்பு 8 இல்லை, 7 கோடி. முதலீட்டுக்குப் பின் உருவாக்கினால் சுமையில் அவர்களும் பங்கெடுப்பார்கள்: அவர்களுக்கு 18, உங்களுக்கு 72.

இன்னொன்று லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ். கம்பெனியை விற்றால் யார் முதலில் எடுப்பது என்ற ஷரத்து. மூன்று வருடத்தில் 6 கோடிக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். வழக்கமான 1எக்ஸ் நான்-பார்ட்டிசிபேட்டிங் என்றால் அவர்கள் போட்ட 2 கோடியையோ 20 சதவீதமான 1.2 கோடியையோ, எது அதிகமோ அதை எடுப்பார்கள். ஆக 2 கோடி. 'பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தால் 2 கோடியை எடுத்துக்கொண்டு, மீதி 4 கோடியிலும் 20 சதவீதம் கேட்பார்கள்: மொத்தம் 2.8 கோடி. ஒரே ஒரு சொல்லுக்கு 80 லட்சம். என்னிடம் வந்த ஒருவர் இதைக் கவனித்தது கம்பெனியை விற்ற அன்றைக்குத்தான்.

நிறுவனர் பங்குக்கு நாலு வருட வெஸ்டிங் கேட்பார்கள், அதாவது நாலு வருடம் உழைக்க உழைக்கத்தான் உங்கள் பங்கு முழுசாக உங்களுடையதாகும். அது வழக்கம்தான், சண்டை வேண்டாம். ஏற்கெனவே உழைத்த காலத்தைக் கழிக்கச் சொல்லுங்கள், போதும்.

ஒரு வாரக் கெடுவுக்குப் பயப்படாதீர்கள். டேர்ம் ஷீட்டின் பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது ரகசியக் காப்பும் 'நோ-ஷாப்' ஷரத்தும். கையெழுத்துப் போட்டபின் அதில் சொன்ன நாள்வரை வேறு யாரிடமும் முதலீடு பற்றிப் பேச முடியாது. எனவே போடும் முன், அவர்கள் முதலீடு செய்து மூடிப்போன கம்பெனி ஒன்றின் நிறுவனரைத் தேடிப் பேசுங்கள். ஜெயித்தவர்கள் எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள்.

800 கோடிக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றினால் ஸ்டார்ட்அப் தமிழ்நாட்டின் டான்சீட் திட்டத்தையும், இன்குபேட்டர்கள் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையங்கள்) வழியே வரும் மத்திய அரசின் சீட் ஃபண்டையும் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் மாதிரி உருவாக்க 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் கடனாகவோ தந்தார்கள்; இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி பதிவாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் விண்ணப்பிக்க முடியாது என்பது அதன் விதி.

முதலீட்டையே எடுத்தால் ஒரு எச்சரிக்கை: பணம் அக்கவுண்டில் விழுந்த அன்றே அதில் சம்பளம் போட்டுவிடாதீர்கள். பங்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் செய்யும்வரை கம்பெனிகள் சட்டப்படி அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. 60 நாளுக்குள் ஒதுக்கவில்லை என்றால் திருப்பித் தர வேண்டும். அதனால் பங்கின் மதிப்பைச் சொல்லும் மதிப்பீட்டாளர் அறிக்கையைப் பணம் வருவதற்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லி உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.