ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத சைக்கிள் வீரரின் தொழில் வாழ்க்கை தோல்விதானா?

"பத்து வருஷம் தொழில்முறையாக ரோடு ரேஸ் ஓட்டியும் ஒன்றுகூட ஜெயிக்காதவர் எதற்கு அந்த வேலையில் இருந்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டும் பிள்ளை யாராவது இருக்க வேண்டும். சொந்தக்காரர் யாரோ "இதுவரைக்கும் எத்தனை கப்பு வாங்கினான்?" என்று கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் இதைக் கேட்டவர் என் அப்பா.

தோல்வி இல்லை. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ். 2021இல் அதில் கிளம்பியவர்கள் 184 பேர், அணிக்கு 8 பேர் வீதம். ஜெயிப்பதற்கு இருந்தவை 21 கட்டங்கள், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். பெரும்பாலானவர்களை அணிகள் ஜெயிப்பதற்காக எடுப்பதே இல்லை. அணித் தலைவர் பின்னால் ஒண்டிச் சக்தியை மிச்சப்படுத்த, அவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்க, அணியின் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை முதுகில் செருகி எடுத்துவர, அவருக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்க எடுக்கிறார்கள். இப்படிப்பட்டவரை டொமெஸ்டிக் என்பார்கள். சம்பளமே அதற்குத்தான்.

அந்த வருஷம் கடைசியாக, 141ஆவதாக முடித்தவர் பெல்ஜியத்தின் டிம் டெக்லெர்க். பட்டப்பெயர் 'டிராக்டர்'. அதே அணியில்தான் பிரிட்டனின் ஸ்பிரிண்ட் வீரர் மார்க் கேவெண்டிஷ் 4 கட்டங்களை ஜெயித்து, பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைச் சமன் செய்தார். அதிகப் புள்ளி எடுப்பவருக்குத் தரும் பச்சைச் சட்டையும் கேவெண்டிஷுக்கே. முன்னால் தப்பி ஓடுகிற நாலைந்து பேர் கைக்கு எட்டாத தூரம் போய்விடாமல் மணிக்கணக்கில் கூட்டத்தின் முகப்பில் காற்றைத் தாங்கி ஓட்டி, அதாவது 'இழுத்து', வந்தது டெக்லெர்க்கின் வேலை. கடைசி 200 மீட்டரைத்தான் உலகம் பார்க்கும். அதற்குள் அவர் பின்தங்கி, தன் வேகத்தில் வந்துகொண்டிருப்பார்.

இனி என் கதை. நான் புதுச்சேரி, கிருமாம்பாக்கம் பக்கம். பொங்கல் முடிந்த கையோடு ஓர் அணித் தேர்வுப் பந்தயம். தவளக்குப்பத்தில் ஆரம்பித்து முள்ளோடையில் திரும்பி, அதே கடலூர் ரோட்டில் சுற்றுச் சுற்றாக. எங்கள் தெருத் தம்பி ஒருவன் என்னோடு ஓட்டினான். கடைசி ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது, ஆனால் காற்றில் தனியாக விட்டால் தாங்கமாட்டான். எனக்கு நேர்மாறு. ஸ்பிரிண்ட் வராது, காற்றில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுப்பேன்.

தை மாசத்தில் வாடையும் கொண்டலும் கலந்து வீசும். முள்ளோடையில் திரும்பி வடக்கே வந்தால் காற்று வலது முன்பக்கத்திலிருந்து முகத்தில் அறையும். அப்போது நேர் பின்னால் ஒண்டினால் பயனில்லை. முன்னால் போகிறவரின் இடது பின்பக்கமாக, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி முன்சக்கரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஓரமாகப் போனால் அவன் மணலில் இறங்குவான். அதனால் நடுக்கோட்டை ஒட்டிப் போனேன். அவன் ஒருவன் ஒண்டும் அளவுக்குத்தான் இடது பக்கம் இடம் விட்டேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஓரத்துக் கோட்டில் வரிசையாக, மறைவே இல்லாமல் திணறினார்கள். ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"அண்ணே, முடியல ண்ணே."

"ரோட்டப் பாக்காதடா, என் டயர மட்டும் பாரு."

இமையில் வியர்வை காய்ந்து உப்பாக உறுத்தியது. தவளக்குப்பம் வளைவுக்கு முன்னால் முழங்கையை வெளியே ஆட்டினேன். 'போ' என்று அர்த்தம். போனான், ஜெயித்தான். நான் எத்தனையாவது என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இன்று அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையில் இருக்கிறான். அதில் எனக்கு இம்மி பொறாமையும் இல்லை, என் கல்யாணத்துக்கு எல்லாப் பொறுப்பையும் எடுத்துச் செய்தவன் அவன். என் ஆதங்கம் சான்றிதழ் மீது. அணி அணியாகக் கிளம்பி நேரத்தை அளக்கும் டீம் டைம் டிரையலில் அணிக்கே பதக்கம் கொடுக்கிறோம். எல்லாரும் சேர்ந்து கிளம்பும் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்கு மட்டும் காகிதம். இழுத்தவனுக்கு ஒரு வரிகூட இல்லை. டூரில் முதல் பரிசு 5 லட்சம் யூரோ, அதை ஜெயித்தவர் அணியோடு பங்கிட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

   

'ஜெயிக்க முடியாதவன் சொல்லும் சமாதானம்' என்று கமெண்டில் வருவீர்கள். ஜெயிக்கும் ஆசை வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 'சைக்கிள் பந்தயமே ஊக்கமருந்துதானே' என்றும் வருவீர்கள். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 7 டூர் பட்டங்களும் 2012இல் அதற்காகப் பறிக்கப்பட்டன, மறுக்கவில்லை. அதற்காக நேர்மையாக ஓட்டுகிறவர்களையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் பிள்ளையை எதிர்காற்றில் ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். வேகம் குறையாமல் வந்தால், மிதிக்கும் சக்தியை எண்ணாகக் காட்டும் பவர் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், விலை அதிகம்தான், பழையதாகவும் கிடைக்கும். ஐரோப்பிய அணிகள் கப்போடு சேர்த்து அந்த எண்களையும் பார்க்கின்றன. ஓட்டியதெல்லாம் பதிவாகி இருக்கட்டும்.