குக்கிராமத்தில் என்ன லாபம்?

கேள்வி: உக்ரைனில் வரைபடத்தில்கூடத் தேடிப் பிடிக்க வேண்டிய குக்கிராமங்களை எல்லாம் ஆக்கிரமித்து ரஷ்ய ராணுவத்துக்கு என்ன லாபம்? – வாசகர், கரூர்.

பதில்: லாபம் இருந்தது. என்ன லாபம் என்று சொல்கிறேன்.

செர்னிஹிவ் நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், கீவ் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி யாஹித்னே என்று ஓர் ஊர். 2022 மார்ச் தொடக்கத்தில் ரஷ்யப் படை அங்கே நுழைந்து, பள்ளிக்கூடத்தைத் தன் தலைமையிடமாக்கிக்கொண்டது. ஊர்மக்களைத் துப்பாக்கி முனையில் கொண்டுவந்து அதே பள்ளியின் நிலவறையில் அடைத்தது. முந்நூற்றைம்பது பேருக்கு மேல். ஒன்றரை மாதக் கைக்குழந்தையும் உண்டு, தொண்ணூறு தாண்டிய முதியவரும் உண்டு. மேலே அதிகாரிகள், கீழே ஊர். உக்ரைன் பீரங்கி அந்தக் கட்டடத்தைக் குறிவைத்தால் சொந்த மக்கள்தான் சாவார்கள். நீங்கள் கேட்ட லாபம் இதுதான்.

மக்களைக் கேடயமாக்குவதை 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 28ஆவது பிரிவில் ஒரே வாக்கியத்தில் தடை செய்கிறது. சோவியத் காலத்திலேயே மாஸ்கோ ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது.

அந்த நிலவறை சுமார் 200 சதுர மீட்டர். ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான் தேறும். படுக்க இடமில்லாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வாளிதான் கழிப்பறை. காற்று போதாமல் வயதானவர்கள் முதலில் பிதற்ற ஆரம்பித்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக இறந்தார்கள். வெளியே எடுத்துப்போக அனுமதி கிடைக்கும்வரை பிணங்களோடுதான் மற்றவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய நான்கு வாரத்தில் பத்துப் பேர் அந்த அறைகளுக்குள் செத்துப்போனார்கள். கதவுக்கு அருகே சுவரில் தேதிகளை வரிசையாக எழுதி, ஒரு பக்கம் படையினர் கொன்றவர்களின் பெயர்களையும், மறுபக்கம் உள்ளேயே இறந்தவர்களின் பெயர்களையும் குறித்து வைத்தார்கள். குழந்தைகள் அதே சுவர்களில் படம் வரைந்தார்கள்.

போரை அம்புக்குறிகளால் விளக்கும் பத்திரிகைகளோடும் டிவி விவாதங்களோடும் எனக்குப் பழைய சண்டை உண்டு. அதை விடுவதாக இல்லை. அந்த மார்ச் மாதம் முழுக்கச் சிவப்பு அம்பு செர்னிஹிவை நெருங்குகிறது, பின்வாங்குகிறது என்று வரைந்தார்கள். அம்புக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கும் அடியில் ஓர் ஊரே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. முற்றுகையிட்ட நகரத்தின் பெயர் தலைப்புக்கு வரும். வழியில் பிடித்த ஊர்களின் கதை, படை போன பிறகுதான் வரும். நீங்கள் 'குக்கிராமம்' என்று ஒதுக்கும் இடங்களில் ராணுவங்கள் துணிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதே செர்னிஹிவ் பகுதியில் கோரியுகிவ்கா என்ற ஊர் இருக்கிறது. 1943 மார்ச் 1, 2 தேதிகளில், சோவியத் கெரில்லாக்களின் தாக்குதலுக்குப் பழிவாங்க நாஜிப் படைகள் அங்கே ஏறக்குறைய 6,700 பேரைக் கொன்றுவிட்டு ஊரைக் கொளுத்தின. நாஜிகள் இதேபோல அழித்த செக் நாட்டுக் கிராமம் லிடிட்சேயைப் பற்றி நம் ஊரில்கூடச் சிலர் படித்திருப்பார்கள். கோரியுகிவ்காவைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

சரி, யாஹித்னே வழக்குக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் ரஷ்யப் படை அந்த ஊரை விட்டுப் போனது. 2024இல் செர்னிஹிவ் நீதிமன்றம் 15 ரஷ்யப் படையினரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, ஆளுக்குப் 12 ஆண்டு சிறை விதித்தது. அவர்களில் ஒருவரும் கூண்டில் இல்லை. விசாரணையே அவர்கள் இல்லாமல்தான் நடந்தது. சமாதானப் பேச்சு பற்றி எழுதும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதைத்தான்: அந்தப் 15 பேரை ஒப்படைப்பதும் பேச்சில் இருக்கிறதா, இல்லையா?